கெய்ரோவா, இஸ்தான்புல்லா, துபாயா: பெல்லி டான்ஸ் வொர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டும் முன்

வெளிநாட்டுக்குப் போகிற போக்கில் ஒரு பெல்லி டான்ஸ் இன்டென்சிவ் வொர்க்‌ஷாப்பும் முடித்துவிட்டு வரலாமே என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஊரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கெய்ரோ நல்லதா, இஸ்தான்புல் நல்லதா, இல்லை பக்கத்தில் இருக்கிற துபாயிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? அதைச் சொல்லுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம்.

ஏனென்றால் நாலைந்து நாளில், தினமும் ஐந்து மணி நேரம் ஆறு மணி நேரம் ஆடினால் புதிதாக ஒரு நடனம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு அவ்வளவு வேகமாக ஒரு பழக்கத்தை ஏற்றுக்கொள்ளாது. அந்த நாலைந்து நாளில் உருப்படியாக நடக்கக்கூடியது திருத்தம். வீட்டு மாடியில், கண்ணாடி முன்னால், போனில் வீடியோ பார்த்து நீங்களாகவே பழகிய அசைவுகளில் எது சரி, எது தப்பு, எது முதுகைக் கெடுக்கிறது என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது. அப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர் உங்களைப் பார்க்க வேண்டும். அறுபது பேர் நிற்கிற கூடத்தில் இரண்டு மணி நேர வகுப்பு என்றால், ஆசிரியை ஒரு நொடிகூட வீணாக்காமல் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம்.

நம் பக்கத்தில் இதற்கு ஆசைப்படுகிறவர்களில் நிறையப் பேர் சின்ன வயதில் பரதம் படித்தவர்கள். நாகர்கோவிலிலும் சுசீந்திரத்திலும் தெருவுக்கு ஒரு பரத வகுப்பு இருக்கும்போது அது சகஜம். அது பெரிய பலம், அதே அளவுக்குத் தொல்லையும். தாளம் காதில் இருக்கும், நீட்டிய கை எங்கே முடிய வேண்டும் என்று தெரியும், மேடைக் கூச்சம் இருக்காது. ஆனால் அரைமண்டியில் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் விரிந்து, இடுப்புக்கு மேலே உடம்பு ஒரே துண்டாக நிற்கப் பழகியிருக்கும். பெல்லி டான்ஸில் பாதங்கள் கிட்டத்தட்ட இணையாக இருக்க வேண்டும், முழங்கால் லேசாகத் தளர வேண்டும், எடை அநேகமாக ஒரு காலில் இருக்கும், நெஞ்சு ஒரு பக்கம் இடுப்பு ஒரு பக்கம் என்று தனித்தனியாக அசைய வேண்டும். ஷிம்மி என்கிற அந்த நடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஷிம்மி இடுப்பைப் பிடித்துக் குலுக்குவதால் வருவதில்லை, இரண்டு முழங்காலும் மாறி மாறி மடங்கி நீளும்போது இடுப்பு தானாகக் குலுங்குகிறது. திரையில் பார்த்துக் கற்றவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. இடுப்பு ஆடுகிறது, பார்க்கவும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இருபது நிமிடத்தில் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. அது ஏன் என்று சொல்ல ஆள் வேண்டும்.

சரி, இப்போது ஊர்களுக்கு வருவோம்.

கெய்ரோவைத்தான் முதலில் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. இன்று நாம் மேடையில் பார்க்கிற பெல்லி டான்ஸின் வடிவம் அங்கே உருவானது. பாதியா மஸாப்னி என்ற ஆட்டக்காரி 1926-ல் கெய்ரோவில் நடத்தத் தொடங்கிய கேளிக்கை அரங்கில்தான் வீட்டிலும் கல்யாணத்திலும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் பெரிய மேடைக்கும், முழு இசைக்குழுவுக்கும், திட்டமிட்ட நடன அமைப்புக்கும் மாறியது. சாமியா கமால், தஹியா கரியோக்கா இருவரும் அங்கிருந்து வந்தவர்கள்தான், பிறகு எகிப்திய சினிமாவில் நட்சத்திரங்கள் ஆனார்கள். 1959-ல் மஹ்மூத் ரெடா தொடங்கிய ரெடா குழு நாட்டுப்புற ஆட்டங்களை மேடைக்குக் கொண்டுவந்தது. அந்தக் குழுவில் ஆடிய ரக்யா ஹசன் 2000-ல் தொடங்கிய அஹ்லன் வ சஹ்லன் விழாதான் உலகத்தில் பல நாட்டு ஆட்டக்காரர்களும் கெய்ரோவுக்கு வொர்க்‌ஷாப்புக்காகப் போவதற்குப் பாதை போட்டது. இப்போது அதுபோல வேறு விழாக்களும் நடக்கின்றன.

விழா என்றால் எப்படி இருக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய ஹோட்டல், அதன் விருந்துக் கூடங்கள், காலையிலிருந்து மாலைவரை ஒன்றன்பின் ஒன்றாக வகுப்புகள், ராத்திரி நிகழ்ச்சி, வெளியே துணிக்கடைகள். ஆசிரியர்கள் பெரிய பெயர்கள். ஆனால் அங்கே வழக்கமாக நடப்பது நடன அமைப்பைச் சொல்லிக்கொடுப்பது: ஆசிரியர் முன்னால் நின்று ஆடுவார், நாம் பின்னால் பார்த்துப் பின்தொடர வேண்டும். பிரித்துச் சொல்லித்தருவது, எண்ணிக்கை போடுவது எல்லாம் குறைவு. அங்கே வளர்ந்தவர்கள் அப்படித்தான் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள், அதே மாதிரி சொல்லித்தருகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே நாலைந்து வருடம் ஆடியவர்களுக்கு இது பொக்கிஷம், ஏனென்றால் அவர்கள் அடவைப் பார்க்க மாட்டார்கள், ஆசிரியை ஒரு வரி இசைக்கு எங்கே நிறுத்துகிறார், எங்கே ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறார் என்று பார்ப்பார்கள். ஆறு மாதம் வீடியோவில் பழகியவர் அங்கே போனால் கடைசி வரிசையில் நின்று முன்னால் இருப்பவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் கெய்ரோ யாருக்கும் வேண்டாமா? அப்படியில்லை. கெய்ரோவில் கிடைக்கிற ஒரு விஷயம் வேறு எங்கேயும் அந்த அளவுக்குக் கிடைக்காது. நேரடி இசை. தபலா (நம் தபலா இல்லை, குடம்போல ஒருபக்கம் மட்டும் தோல் கட்டிய அவர்களுடைய வாத்தியம், மற்ற ஊர்களில் தர்புக்கா என்பார்கள்), ரிக் (கஞ்சிரா போன்றது), கானூன் (மடியில் வைத்து மீட்டும் தந்தி வாத்தியம்), நேய் (நாணல் குழல்), ஊத் (குட்டைக் கழுத்துத் தந்தி வாத்தியம்), பலதி என்கிற நாட்டுப்புறச் சாயல் பாட்டென்றால் அக்கார்டியன். பென் டிரைவில் ஒரு பாட்டைப் போட்டு ஆயிரம் தடவை ஆடியவருக்கு, தபலாக்காரர் கண்ணைப் பார்த்துக்கொண்டே அடியை மாற்றும்போது கால் உறைந்துவிடும். அந்த உறைதல்தான் பாடம். மக்ஸும் என்கிற தாளத்தை "டும் தெக், தெக் டும், தெக்" என்றும், ஸயீதியை "டும் தெக், டும் டும், தெக்" என்றும் வாயால் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு அடிதான் மாறுகிறது, ஆனால் ஸயீதியில் ஆட்டம் கனமாகி, குதிப்பு வந்து, கைத்தடி ஆட்டமாகவே ஆகிவிடும். சொற்கட்டு சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். ஆகவே கெய்ரோ போனால், ஆடப் பழகுவதைவிட கேட்கப் பழகப் போங்கள். இசைக்கலைஞர் கூடவே இருக்கிற வகுப்பு எது என்று தேடி அதற்குப் பணம் கட்டுங்கள், ராத்திரி நைல் படகிலோ ஹோட்டலிலோ முழுக் குழுவோடு ஒருவர் ஆடுவதைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, அது நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. எகிப்தில் கல்யாண ஊர்வலத்தில் தலையில் மெழுகுவர்த்தி எரிகிற பெரிய கொத்துவிளக்கை வைத்துக்கொண்டு ஆடுகிற ஷமதான் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. தலை ஆடவே கூடாது, கீழே இடுப்பு நிற்கவே கூடாது. அம்மன் கொடையில் கரகம் ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கழுத்தும் நெஞ்சும் எப்படி அசையாமல் நிற்கின்றன என்று பாடமாகக் கேட்டுப் படித்தால், மற்ற எல்லா அசைவும் சுத்தமாகும். விழா அட்டவணையில் ஷமதான் வகுப்பு இருந்தால் விடாதீர்கள்.

செலவு விஷயத்தில் கெய்ரோ ஒரு விசித்திரம். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டதில், டாலருக்குக் கிட்டத்தட்ட முப்பத்தொன்றாக இருந்தது ஐம்பதை நெருங்கிப்போனது. அதனால் சாப்பாடு, டாக்சி, சாதாரண தங்குமிடம் எல்லாம் நம் ரூபாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் வொர்க்‌ஷாப் கட்டணம், விழா நடக்கிற ஹோட்டல், உடை எல்லாம் டாலரிலோ யூரோவிலோதான் கேட்பார்கள். ஊர் மலிவு, ஆட்டம் மலிவு இல்லை. விழா ஹோட்டலில் தங்கினால்தான் சலுகைக் கட்டணம் என்று கட்டாயப்படுத்துகிற பேக்கேஜ்களும் உண்டு, கூட்டிக் கழித்துப் பாருங்கள். கான் எல் கலீலி கடைவீதியில் உடை வாங்க ஆசை இருந்தால் அதற்குத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசி நாள் வகுப்புக் காசு பாவாடையாக மாறிவிடும்.

இதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: அங்கே மாணவியாக வகுப்பில் ஆடுவது ஒன்று, பொது இடத்தில் காசுக்கு ஆடுவது வேறு. பின்னதற்கு அனுமதி வேண்டும், மேடை உடையில் வயிற்றை வலைத்துணியாலாவது மூட வேண்டும் என்பது அதிபர் நாசர் காலத்திலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. 2003-ல் வெளிநாட்டு ஆட்டக்காரிகளுக்கே தடை போட்டு, அடுத்த ஆண்டு விலக்கினார்கள். 2018-லும் உடை, அனுமதி விவகாரத்தில் ஒரு ரஷ்ய ஆட்டக்காரியைக் கைது செய்தார்கள். ஆகவே "கடைசி நாள் ஒரு ரெஸ்டாரண்டில் நீங்களும் ஆடலாம், காசும் தருவார்கள்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். வகுப்பு உடை முழுக்க மூடியிருந்தாலும் ஹோட்டலுக்கு வெளியே போகும்போது மேலே ஒரு தளர்ந்த சட்டை போடுங்கள்.

இஸ்தான்புல் வேறு மாதிரி ஊர், ஆட்டமும் வேறு. எகிப்திய பாணி உள்ளே இழுத்துப் பிடித்து, சின்னதாக, கனமாக ஆடுவது. ஓரியன்டல் என்று சொல்லப்படுகிற துருக்கிய பாணி வெளியே வீசி ஆடுவது: வேகம், துள்ளல், தரையில் படுத்து எழும் அசைவுகள், விரலில் மாட்டிய ஸில் என்கிற சின்னச் சின்ன ஜால்ராக்கள். அங்கே எனக்குப் பிடித்தது ரோமா மக்களின் (ஜிப்ஸிகள் என்பார்களே, அவர்கள்) 9/8 தாளம். பழைய இஸ்தான்புல்லின் சுலுகுலே பகுதி ரோமா ஆட்டத்துக்கும் இசைக்கும் பெயர்போனது, 2000-களின் கடைசியில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் இடித்துவிட்டார்கள். இடம் போனாலும் தாளம் போகவில்லை. மேற்கத்திய மாணவர்கள் இந்த ஒன்பதை எண்ண முடியாமல் திணறுவார்கள், ஏனென்றால் அது மூன்று மூன்றாக இல்லாமல் 2, 2, 2, 3 என்று போகும். நம் ஒன்பது எண்ணிக்கைச் சங்கீர்ணத்தை "தக திமி தக தகிட" என்று சொன்னவர்களுக்கு இதில் திணற என்ன இருக்கிறது? அதே கணக்கு. பரதம் படித்த நாகர்கோவில்காரி முதல் நாளிலேயே முன் வரிசைக்குப் போகக்கூடிய வகுப்பு இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன்.

சிக்கல் விசாவில் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டோடு அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான் துருக்கியின் இ-விசா. இல்லாவிட்டால் ஆவணங்களைக் கொடுத்து முறையாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் படிக்கிற தங்கையையோ, வேலை செய்கிற வீட்டுக்காரரையோ பார்க்கப் போகிறவர்களுக்கு இஸ்தான்புல் வழியில் கிடைக்கிற வரம். நாகர்கோவிலிலிருந்து நேராக இதற்கென்றே கிளம்புகிறவர்களுக்கு வேலை அதிகம். தவிர, 2025 மே மாதத்துக்குப் பிறகு இரு நாட்டு உறவில் வந்த கசப்பில் நிறைய இந்தியர்கள் துருக்கிப் பயணத்தையே ரத்து செய்தார்கள், நம்மூர் டிராவல்ஸ்காரரிடம் கேட்டாலே முகத்தைச் சுளிக்கலாம். போவதா வேண்டாமா என்பது உங்கள் மனசு.

துபாய், ஷார்ஜா, அபுதாபி. நம் மாவட்டத்துக்கு இதுதான் எளிதிலும் எளிது. திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் சுமார், மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் நெரிசலில் சிக்காமல் தாண்டினால் மீதி ஒன்றுமில்லை, ஏறினால் நாலு மணி நேரம். மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் அங்கே இருப்பார், தங்க இடம் இலவசம். அந்த இலவசத்துக்கு ஒரு விலை உண்டு: நீங்கள் வகுப்பு முடிந்து திரும்புவதற்குள் குலசேகரத்தில் உங்கள் அத்தைக்குச் செய்தி போயிருக்கும். "எட்டி, ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்று போன் வரும்.

ஆனால் பாடம் என்று பார்த்தால் வளைகுடா எனக்கு ஏமாற்றம்தான். பாலைவன சஃபாரியில் ஆடிக்காட்டுகிற பெல்லி டான்ஸ் சுற்றுலாக்காரர்களுக்கானது, அதைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ரமலான் மாதத்தில் அதுவும் இருக்காது. ஸ்டுடியோக்களில் நடக்கிற வகுப்புகள் பெரும்பாலும் உடற்பயிற்சி மாதிரி, வாரத்துக்கு ஒன்று இரண்டு. வெளியிலிருந்து யாராவது நல்ல ஆசிரியர் வார இறுதிக்கு வந்து எடுத்தால் அது வேறு கதை, சிறிய வகுப்பாகவும் இருக்கும், அந்தத் தேதிக்குப் போகலாம். அங்கே மட்டுமே சரியாகக் கிடைப்பது கலீஜி: நீண்ட, அகலமான, ஜரிகை போட்ட அங்கியைப் பிடித்துக்கொண்டு, கூந்தலை வீசி, பாதத்தில் ஒரு நொண்டல் நடையோடு பெண்கள் கல்யாண வீட்டில் ஆடுகிற ஆட்டம். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கற்க ஆசை என்றால் வளைகுடாதான் இடம்.

கோலாலம்பூர் பற்றி யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள்வரை மலேசியாவில் விசா வேண்டாம், 2026 முடியும்வரை அந்தச் சலுகையை நீட்டியிருக்கிறார்கள், கிளம்பும் முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானமும் விட்டிருக்கிறார்கள். தமிழ் பேசிச் சமாளிக்கலாம், இட்லி கிடைக்கும். பெரிய பாரம்பரியம் என்று அங்கே ஒன்றுமில்லை, இது அந்த மண்ணின் ஆட்டம் இல்லை. ஆனால் திருத்தம்தான் தேவை என்கிறவருக்கு பாரம்பரியம் எதற்கு? ஒரு நல்ல ஆசிரியை, கண்ணாடி போட்ட அறை, நாலைந்து பேர். முன்னமே எழுதிக் கேட்டு, ஒரு வாரத்தில் நாலு தனி வகுப்பு ஏற்பாடு செய்துகொண்டு போனால், விழாவில் பத்து நாள் நின்றாலும் கிடைக்காத அளவு கவனம் கிடைக்கும். சிங்கப்பூரிலும் இதே முடியும், ஆனால் தங்கும் செலவு கையைக் கடிக்கும்.

வெளிநாடே வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைகூட நேரில் ஆசிரியர் முன்னால் ஆடாதவர், முதலில் நாகர்கோவிலில் ராத்திரி ரயிலேறி பெங்களூருக்குப் போங்கள். அங்கே கற்றுத்தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சனி ஞாயிறு, இரண்டு தனி வகுப்பு. உங்களுக்கு வெளிநாட்டு இன்டென்சிவ் இப்போதே தேவையா, ஒரு வருடம் கழித்தா என்று அந்த இரண்டு வகுப்பிலேயே தெரிந்துவிடும். கெய்ரோ எங்கேயும் ஓடிவிடாது.

கூட்ட வகுப்பா, தனி வகுப்பா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஊரைவிட இதுதான் தலையாயது. கூட்ட வகுப்பில் உற்சாகம் இருக்கிறது, பல நாட்டு உடம்புகள் ஒரே அசைவை எப்படி வேறு வேறாக ஆடுகின்றன என்று பார்க்கலாம், நட்பு கிடைக்கும், தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்த நட்பு பாதுகாப்பும்கூட. தனி வகுப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு மணி நேரம் முழுக்க ஒருவர் உங்கள் இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தால் அழுகை வரும், ஆனால் முழங்கால் சரியாகிவிடும். என் கணக்கு: கையில் இருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் தனி வகுப்புக்கு, மீதி கூட்ட வகுப்புக்கு. விழாவுக்கே போனாலும் எல்லா வகுப்புக்கும் சேர்த்து விற்கிற முழு பாஸ் எடுக்காதீர்கள். மூன்று வகுப்பைத் தேர்ந்தெடுங்கள், விழா முடிந்த அடுத்த நாள்களில் அதே ஆசிரியர்களில் ஒருவரிடம் தனியாக நேரம் கேளுங்கள். கூட்டத்தில் பாதி புரிந்ததை அங்கே கேட்டு முடிக்கலாம். பெரிய பெயர்களில் பலர் தனி வகுப்பு எடுப்பார்கள், கட்டணம் கூடுதல், ஆனால் முழு பாஸ் எடுக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறீர்களே.

பயணத்தில் எந்த இடத்தில் வொர்க்‌ஷாப்பை வைப்பது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எகிப்தின் பழங்காலக் கோயில்கள் இருக்கிற லக்ஸர், அபு சிம்பல் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஆடலாம் என்று வைத்தால், வெயிலில் நடந்த காலோடும், கண்டதைச் சாப்பிட்ட வயிற்றோடும் வகுப்புக்கு வருவீர்கள். வயிறு சரியில்லாமல் பெல்லி டான்ஸ் ஆடுவது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இறங்கிய மறுநாளே தொடங்கினால் விமானத்தில் மடங்கிக் கிடந்த இடுப்பு ஒத்துழைக்காது. இரண்டு ராத்திரி முன்னால் போங்கள், வகுப்பு, அதன் பிறகு ஊர் சுற்றல். நேர வித்தியாசம் பெரிதில்லை: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், இஸ்தான்புல் இரண்டரை, கெய்ரோ கோடையில் இரண்டரை குளிரில் மூன்றரை, கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அதாவது மேற்கே போனால் விடியற்காலையில் விழிப்பு வரும், ராத்திரி நிகழ்ச்சியில் தூக்கம் சொக்கும். கெய்ரோ நிகழ்ச்சிகள் நள்ளிரவைத் தாண்டித்தான் சூடு பிடிக்கும், ஆகவே மதியம் ஒரு தூக்கம் போடுங்கள், அந்த நேரத்து வகுப்பை விட்டாலும் பரவாயில்லை. ஜூன், ஜூலையில் கெய்ரோ வெயில் முப்பத்தைந்தைத் தாண்டும், நம்மூரில் அப்போது சாரல். முடிந்தால் குளிர்கால விழாவைப் பாருங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் ஐந்து மணி நேர ஷிம்மிக்குத் தொடை முதலில் சரணடையும், அப்புறம் கீழ்முதுகு. ஹோட்டல் கூடங்களில் தரையில் கம்பளம் இருந்தால் சுற்றும்போது பாதம் பிடித்துக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பும், அது ஆபத்து. வழுவழுப்பான அடி உள்ள மெல்லிய நடனச் செருப்பு ஒன்று கொண்டுபோங்கள். மாதவிலக்கு நாளோடு தேதி மோதுகிறதா என்று பதிவு செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள், வயிற்றுத் தசையைச் சுருட்டி விரிக்கிற வகுப்புகளை அந்த நாளில் தாங்குகிறவர்களும் உண்டு, தாங்காதவர்களும் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரமாவது ஆடிப் பழகாதவர்கள் மூன்றாம் நாள் ஹோட்டல் கட்டிலில் கிடப்பார்கள்.

வீட்டில் என்ன சொல்வது என்றும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள், அரபு நாட்டு நடனம் படிக்கப் போகிறேன் என்று. முழுக்கை உடையில் மெதுவாக ஆடுகிற பலதி ஆட்ட வீடியோ ஒன்றை முதலில் காட்டுங்கள். மினுமினுப்பை அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளருக்கு எழுதிக் கேட்க வேண்டியவை சில. வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், அடவு பிரித்துச் சொல்வார்களா, நடன அமைப்பு மட்டுமா, தபலாக்காரர் நேரில் இருப்பாரா, கடைசியில் வீடியோ எடுக்க விடுவார்களா, ஆசிரியர் வராமல்போனால் என்ன, எனக்கு விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் முன்பணம் மட்டும் கட்டுங்கள். முதல் கேள்விக்கு மழுப்பலாக வந்தால் அதையும் கட்டாதீர்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு எல்லாமே விசாவைச் சுற்றித்தான், ஆகவே ஆசிரியரின் தேதி, அப்புறம் விசா, அதற்கப்புறம் டிக்கெட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்னிடம் நேராகக் கேட்டால்: வீடியோவில் மட்டும் பழகியவருக்கு பெங்களூர், அடுத்து கோலாலம்பூரில் தனி வகுப்பு. பரதம் படித்து, ஒன்றிரண்டு வருடம் இதையும் ஆடி, ஐரோப்பிய விசா கையில் இருப்பவருக்கு இஸ்தான்புல், அந்த ஒன்பதுக்காகவே. மேடையில் ஆடத் தொடங்கிவிட்டவருக்கு கெய்ரோ, குளிர்காலத்தில், மூன்று விழா வகுப்பும் நாலு தனி வகுப்பும். துபாய்க்கு எப்படியும் மாமா வீட்டுக்குப் போவீர்கள், அப்போது ஒரு கலீஜி வகுப்பு பார்த்துக்கொள்ளுங்கள், அத்தைக்கு அதன் வீடியோவை நீங்களே முதலில் அனுப்பிவிடுங்கள்.